கேமராவில் கால்கள் மட்டும்

"என்னங்க, பஞ்சு கீழே சரியுது. முட்டிக்கு மேல தள்ளி விடுங்க!"

நாற்காலியில் உட்கார்ந்திருந்த எலக்ட்ரீஷியன், மனைவியின் ஊதா நிறக் கால்சட்டைக்குள் கையை விட்டுத் தலையணைப் பஞ்சை மேலே தள்ளினார். அவருடைய கால்கள் மூங்கில் கழிகள். அவற்றைத் தையற்காரியான மனைவியின் கால்களாகக் காட்ட, வீட்டிலிருந்த தலையணைகள் எல்லாம் காலியாகியிருந்தன.

"ஆபரேஷன் உனக்கு, ஆட்டம் எனக்கா?"

"ஷ்ஷ்! இப்ப போன் வந்துடும்."

தையல் மெஷினுக்குக் கீழே செல்போன் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் இடுப்புக்குக் கீழே மட்டும்தான் தெரியும். போனிலேயே உடற்பயிற்சி சொல்லித்தர ஆஸ்பத்திரி ஏற்பாடு செய்திருந்த பிசியோ மேடமே அப்படித்தான் வைக்கச் சொல்லியிருந்தார். "எனக்கு உங்க முட்டி தெரிஞ்சாப் போதும்க்கா, முகம் எதுக்கு?" அவரும் கால்களை மட்டுமே காட்டினார். இரு தரப்பும் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை.

உடல் எடையைக் குறைக்கும் அறுவை சிகிச்சைக்குத் தேதி கொடுக்க டாக்டர் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். லேசான பயிற்சிகள் செய்து மூட்டுகளைத் தேற்றி, கைப்பிடியைத் தொடாமல் நாற்காலியிலிருந்து எழ வேண்டும். பிசியோ மேடம் சரி என்று சொன்னால்தான் தேதி.

முதல் நாள் தையற்காரியே முயன்றாள். காலை நீட்டியதும் முட்டிக்குள் ஆணி இறங்கியது போலிருந்தது. சொன்னால் தேதி தள்ளிப்போகும். படுக்கையறை மாடியில் இருந்தது. படி ஏற முடியாமல் அவள் வெகுநாளாகத் தையல் அறையில், துணி மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அழுததைப் பார்க்கச் சகியாமல், "இன்னிக்கு ஒரு நாள் நான் உட்கார்றேன்" என்று சொன்ன கணவர், அன்றிலிருந்து உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துகொண்டிருக்கிறார்.

போன் ஒலித்தது.

"அக்கா, ரெடியா? வலது காலை மெதுவா நீட்டுங்க. வலிச்சா நிறுத்திடணும். வீராப்பு காட்டக் கூடாது."

திரையில் பச்சைக் கட்டம் போட்ட காலுறையோடு ஒரு பாதம் எழுந்தது. இடது பாதம்.

"மேடம், நீங்க இடது காலைத் தூக்குறீங்களே!" என்றாள் தையற்காரி, நாற்காலிக்குப் பின்னால் ஒளிந்தபடி.

மறுமுனையில் ஏதோ அடக்கிய அதட்டல். இடது கால் சட்டென்று இறங்கி, வலது கால் எழுந்தது.

"போன்ல அப்படித்தான்க்கா, மாறி மாறித் தெரியும்."

எலக்ட்ரீஷியன் காலை நீட்டி, "ம்ஹ்ஹ்" என்று முனகினார்.

"என்னக்கா, குரல் கரகரன்னு இருக்கு?"

"தொண்டை கட்டிக்கிச்சு மேடம்," என்று அவசரமாக இருமினாள்.

எலக்ட்ரீஷியன் கிசுகிசுத்தார்: "அந்தம்மாவைப் பாரு. பேசிக்கிட்டே தூக்குறாங்க, மூச்சே வாங்கல."

"அவங்க படிச்சவங்க. நீங்க வாயை மூடிக்கிட்டுத் தூக்குங்க."

பயிற்சி முடிந்தது. "அக்கா, சதை குறையவே இல்லை. ஆனா பலம் அபாரம்! நாளைக்கு நேர்ல வந்து ஒரு தடவை எழுந்து காட்டுங்க. தேதி வாங்கிடலாம்."

போன் அணைந்தது. தையற்காரியின் முகமும்தான்.

"நேர்லயா?"

"வேணும்னா உன் கவுனைப் போட்டுக்கிட்டு நானே வரேன்."

"மீசையை என்ன பண்ணுவீங்க?"

அவர் மீசையைத் தடவிப் பார்த்தார். ஒரு கணம் நிஜமாகவே யோசித்தார்.

"வேண்டாங்க," என்றாள் அவள். "தேதி போனாப் போகட்டும். உண்மையைச் சொல்லிடறேன்."

மறுநாள் ஆஸ்பத்திரியில், உயரமான மேசைக்குப் பின்னால் பிசியோ மேடம் உட்கார்ந்திருந்தார். இன்று இடுப்புக்கு மேலே மட்டும்தான் தெரிந்தது. உருண்டை முகம், இனிமையான சிரிப்பு.

"உட்காருங்கக்கா. உங்க வீட்டுக்காரரா? அவரும் உட்காரட்டும்."

தையற்காரி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்து, இறங்கி, கடைசியில் பொத்தென்று உட்கார்ந்தாள். கணவர் இத்தனை நாள் பழக்கத்தில், எதையும் தொடாமல் பூப்போல உட்கார்ந்தார்.

"மேடம்... நீங்க போன்ல பார்த்தது என் கால் இல்லை. இவர் கால். பஞ்சு வச்சு... எனக்கு வலி தாங்கல. ஆபரேஷன் தள்ளிப்போயிடுமோன்னு பயம்."

பிசியோ மேடத்தின் சிரிப்பு மறைந்தது. ஜன்னலைப் பார்த்தார். மேசையைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று தையற்காரி கண்களை மூடிக்கொண்டாள்.

"வலியைச் சொல்றதுல என்னக்கா வெட்கம்? சொன்னாத்தானே பயிற்சியை இன்னும் எளிசா மாத்தித் தர முடியும்? தேதி கொஞ்சம் தள்ளும், போகட்டும். இன்னிக்கே புதுசா ஆரம்பிப்போம். எழுந்திருக்கிறது எப்படின்னு முதல்ல பார்த்துக்கோங்க."

மேசையை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு எழ முயன்றார். பல்லைக் கடித்தார். நாற்காலி கிறீச்சிட்டது. மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

பெருமூச்சு விட்டு, பின்னால் தொங்கிய திரைச்சீலைப் பக்கம் திரும்பினார். "எனக்கும் அதே டாக்டர், அதே நிபந்தனைதான்க்கா... என்னங்க, கொஞ்சம் வெளியே வாங்க. அக்காவுக்கு எழுந்து காட்டுங்க!"

திரை விலகியது, முதலில் பச்சைக் கட்டக் காலுறைகள் வந்தன, அவற்றுக்கு மேலே ஒரு மீசை வந்தது. திகைப்பில் தையற்காரி கைப்பிடியைத் தொடாமலே விருட்டென்று எழுந்து நின்றதை யாருமே கவனிக்கவில்லை. காலுறைக்காரர் நேராக எலக்ட்ரீஷியனிடம் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு அக்கறையாகக் கேட்டார்:

"சார், போன வாரம் இடது கால் கொஞ்சம் நடுங்கிச்சே, இப்பத் தேவலையா?"