ஓரகடத்துப் புள்ளி

“இது ஊரும் இல்லை, ஃபேக்டரியும் இல்லை எழிலரசி. பிலிம்ல விழுந்த கீறல்.”

துறைத் தலைவர் தணிகாசலம் உருப்பெருக்கியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

கண்ணாடி மேஜைக்குள் எரிந்த விளக்கில், மேலே கிடந்த பிலிம் துலக்கமாகத் தெரிந்தது. வானத்திலிருந்து ஒரு செயற்கைக்கோள் ராத்திரியில் எடுத்த சென்னை. அமெரிக்காவிலிருந்து தபாலில் வரவழைத்த படம். வருஷா வருஷம் எடுத்த இந்தப் படங்களை வரிசையாக வைத்து, வெளிச்சம் எந்தப் பக்கம் பரவுகிறது என்று பார்த்தால், நகரம் எந்தப் பக்கம் வளர்கிறது என்று சொல்லிவிடலாம். எழிலரசியின் ஆராய்ச்சியே அதுதான்.

ஸ்ரீபெரும்புதூருக்குத் தெற்கே, ஓரகடம் பக்கம், பழைய படங்களில் கும்மிருட்டு. கடைசியாக வந்த படத்தில் மட்டும் மிளகளவு ஒரு புள்ளி. நாளைக்கு அங்கே ஒரு நகரமே வரப்போகிறது என்று அந்தப் புள்ளியை நம்பி எழுதியிருந்தாள்.

தணிகாசலம் அசையவில்லை. வாலாஜாபாத் போகும்போதெல்லாம் அந்த வழியாகத்தான் போகிறாராம். ஏரியையும் வயலையும் தவிர அங்கே எதையும் பார்த்ததில்லையாம். இன்னொரு படம் வரவழைத்து அதிலும் அந்தப் புள்ளி இருந்தால் ஒப்புக்கொள்வதாகவும், இல்லையென்றால் அவள் வேறு தலைப்புக்கு மாற வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார். அது தொண்ணூற்றொன்று ஆவணி மாதம்.

புதுப் படத்துக்கு எழுதிப் போட்டாள். மேகம் இல்லாத ராத்திரி அமைந்தால்தான் படம். மழை முடியட்டும் என்று பதில் வந்தது. அதுவரை சும்மா இருக்க முடியாமல், கார்த்திகையில் ஒருநாள் ஓரகடத்துக்கு பஸ் ஏறினாள். இறங்கி, விசாரித்து, வடக்குப்பட்டு பக்கமாக நடந்தாள்.

வயல்களுக்கு நடுவே, சாலையிலிருந்து வெகுதூரம் தள்ளி, லாரிக்கு அச்சு செய்யும் புது ஃபேக்டரி. மதில் நெடுகிலும் உயரக் கம்பங்கள். ஒவ்வொன்றிலும் பெரிய பெரிய ஃப்ளட் லைட். அவளுடைய புள்ளி! சந்தோஷத்தில் எழிலரசி கம்பங்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தாள்.

மதிலை ஒட்டிய வரப்பில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் கனகம். வயல் அவளுடையது. ஃபேக்டரி ஆளோ என்று நினைத்து முதலில் முகம் கொடுக்கவில்லை. இல்லை என்று தெரிந்ததும் கொட்டித் தீர்த்துவிட்டாள்.

“இன்னா பாவம் பண்ணோமோ தெர்ல. பச்சப்பசேல்னு நின்னுகினு கீது. கதிர் மட்டும் வாங்கல.”

போன வருஷமும் இதே கதியாம். விதையை மாற்றி, மருந்தடித்து, எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வருஷமும் பொய்த்தால் நிலத்தை விற்றுவிட்டுக் குன்றத்தூரில் வாடகைக்குப் போய்விடலாம் என்று புருஷன் சொல்லிவிட்டானாம்.

எழிலரசி வயலைப் பார்த்தாள். எங்கும் பச்சை. ஃபேக்டரியின் தண்ணீர்த் தொட்டி விளக்கை மறைக்கும் இடத்தில் மட்டும், ஒரு பட்டையாகக் கதிர் வந்திருந்தது. கம்பத்தைப் பார்த்தாள். மறுபடி பயிரைப் பார்த்தாள். ஊர் திரும்பியதும் விவசாயக் கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியிடம் கேட்டாள். சம்பா நெல் கதிர் வாங்க நீண்ட இருட்டு வேண்டும். ராத்திரி முழுக்க வெளிச்சம் அடித்தால் பயிர் ஏமாந்துபோய்விடும் என்றாள் தோழி.

வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். புதுப் படத்தில் புள்ளி விழும், பட்டம் கைக்கு வரும். அந்த நினைப்பே அவளுக்குக் கசந்தது.

மறுநாளே ஃபேக்டரி மேனேஜர் ஸ்ரீதர் முன்னால் போய் உட்கார்ந்தாள். தன் ஃபேக்டரி வானத்திலிருந்து தெரிகிறது என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவள் வந்த காரியத்தைச் சொன்னதும் முகம் சுருங்கியது. திருட்டுப் பயம் என்றார், மேலிடம் ஒத்துக்கொள்ளாது என்றார். விளக்கை அணைக்க வேண்டாம், வெளிச்சம் மதிலைத் தாண்டாதபடி தகர மூடி போட்டால் போதும் என்று காகிதத்தில் வரைந்து காட்டினாள். கனகத்தின் வயல் வரைக்கும் அவரை நடத்திக் கூட்டிப்போய் அந்தக் கதிர்ப் பட்டையையும் காட்டினாள். அவர் குனிந்து ஒரு கதிரைக் கையில் பிடித்துப் பார்த்தார்.

“மூடி போட்டா உங்க படத்துல நாங்க இருக்க மாட்டோமே மேடம்?”

“தெரியும் சார். போடுங்க.”

போட்டார்கள். எல்லாக் கம்பத்துக்கும்.

மார்கழியில் எடுத்த படம் மாசியில் வந்தது. ஓரகடம் இருண்டு கிடந்தது.

“நான் அப்பவே சொன்னேனே” என்றார் தணிகாசலம், கொஞ்சம் இரக்கத்தோடு.

எழிலரசி வாதாடவில்லை. கனகத்தின் வயலையும், தகர மூடிகளையும், மார்கழிப் படத்துக்கு முன்பே அவற்றைப் போட்டுவிட்டதையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். மதிலோரப் பயிர் முழுக்கக் கதிர் தள்ளித் தலை சாய்ந்து நிற்கிறது. கனகம் இனி நிலத்தை விற்கப் போவதில்லை. வேறு தலைப்பு எடுத்துக்கொள்ளத் தயார் என்று சொல்லிவிட்டு எழுந்தாள். அவள் குரலில் வருத்தமே இல்லை.

தணிகாசலம் பழைய பிலிமையும் புதிய பிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். உருப்பெருக்கியை எடுத்து மாறி மாறிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு, அவளை உட்காரச் சொன்னார்.

“தலைப்பை மாத்தாதேம்மா. புள்ளி இருந்த இடத்துலயே விளக்கு இருந்து, அதுக்கு மூடி போட்டதும் மறைஞ்சு போச்சுன்னா, அது எப்படிக் கீறலா இருக்க முடியும்?”