பதினோரு பேர், ஒரு ஓட்டு

“குண்டு போடறேன்னு சொல்றாரே, அவருக்கே உங்க ஓட்டைக் குடுத்துடுங்கம்மா.”

ஏணியின் மூன்றாம் படியில் நின்றபடி, உப்புத்தாளால் சுவரைத் தேய்த்துக்கொண்டே சொன்னார் பெயின்டர் முனிகிருஷ்ணன். சாப்பாட்டு மேசையில் இருந்த ஐரீனுக்குச் சுருக்கென்றது. அவள் யோசனை கேட்டது அப்பாவிடம். பதில் வந்ததோ ஏணியிலிருந்து.

ஐரீன் அமெரிக்கப் பிரஜை ஆன பிறகு வரும் முதல் ஜனாதிபதித் தேர்தல் இது. லீவுக்கு ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு, அப்பா வீட்டுக்கு வந்தவள், தபால் ஓட்டுச் சீட்டை விரித்து வைத்துக்கொண்டு காலையிலிருந்து மதில்மேல் பூனையாக இருந்தாள். பன்னிரண்டு மணிக்குக் கூரியர்காரன் வந்து நிற்பான்.

வரி, வேலை, விசா எல்லாவற்றிலும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள். உறுத்தியது ஒன்றே ஒன்று.

பாலைவனத்தில் எண்ணெய்க் குழாய் பதிக்கப் போன நம்மூர்க் கூலிக்காரர்கள் பதினோரு பேரைத் தீவிரவாதிகள் பிடித்து, ஒரு பாழடைந்த கோட்டைக்குள் அடைத்துப் பதினாலு மாதம் ஆகிறது. அமெரிக்கக் கப்பலைத் தாக்கியதும் அதே கும்பல்தான். பதவியேற்ற மறுநாளே விமானங்களை அனுப்பி அந்தக் கோட்டையைத் தரைமட்டமாக்குவேன் என்கிறார் ஒரு வேட்பாளர். எத்தனை வருஷம் இழுத்தாலும் பேசித்தான் தீர்ப்பேன் என்கிறார் மற்றவர்.

“எங்க ஸ்டேட்ல இந்தத் தடவை இழுபறி, டாடி. என் ஒரு ஓட்டுகூடக் கணக்குதான்” என்றாள் ஐரீன். “குண்டு விழுந்தா உள்ள இருக்குற நம்ம ஆளுங்களும்தானே போவாங்க?”

“போவாங்க.” இதற்கும் பதில் ஏணியிலிருந்துதான். குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. “ஒரே நிமிசந்தாம்மா. எல்லாம் முடிஞ்சிடும்.”

அப்பா டெஸ்மண்ட் நாற்காலியை ஏணிப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். முப்பது வருஷம் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற மனிதர் அவர்.

“குண்டு விழுந்த இடத்தை நீ பார்த்திருக்கியா, முனி? நான் பார்த்திருக்கேன். இது யார் கை, இது யார் காலுன்னு தெரியாம அள்ளி மூட்டை கட்டுனவன் நான். டிவி முன்னாடி உக்காந்துக்கிட்டு வீரம் பேசறது ரொம்ப ஈஸிப்பா.”

“எங்க வூட்டுல டிவி இல்ல சார். பேப்பர்தான்.”

ஐரீன் தரையைப் பார்த்தாள். பெயின்ட் சிந்தாமல் இருக்க அவர் விரித்திருந்ததெல்லாம் தமிழ்ப் பேப்பர்.

“தமிழ் நல்லாப் படிப்பீங்களா?”

“எழுத்துக் கூட்டிப் படிப்பேம்மா. போன வருசந்தான் கத்துக்கினேன்.”

“இந்த வயசுலயா! எதுக்கு?”

“தேவைப்பட்டுச்சு.”

உப்புத்தாள் சரசரவென்று மேலும் கீழும் போய்வந்தது. பதினோரு மணிக்கு அவள் கொடுத்த டீ ஜன்னல் விளிம்பில் ஆறி, ஏடு கட்டிக் கிடந்தது.

“அப்ப இதையும் படிச்சிருப்பீங்களே? பேச்சுவார்த்தை நல்லாப் போகுது, சீக்கிரம் ரெண்டு பேரை விட்டுடுவாங்கன்னு போட்டிருக்காங்க” என்றாள்.

“தீவாளிக்கும் அதான் போட்டாங்க. பொங்கலுக்கும் போட்டாங்க. யாரையும் விடல.” கையை நிறுத்தாமலே அவர் சொன்னார். “மாசம் ஒரு வீடியோ விடறானுங்க. மொதல்ல எல்லாம் நின்னுக்கினு பேசினாங்க. அப்புறம் சுவத்தைப் பிடிச்சுக்கினு நின்னாங்க. போன மாசம் படுத்துக்கினு இருந்தாங்க. பேச்சு நடக்கிற வரைக்கும் வீடியோவும் வரும்மா.”

‘மாட்டைப் பற்றிப் பேசுகிற மாதிரி பேசுகிறாரே’ என்று நினைத்தாள் ஐரீன். மாட்டுக்காவது ஒரு உச்சுக் கொட்டுவார்கள். இந்த மனிதருக்கு உள்ளே இருப்பது நெஞ்சா, சுவர் ஓட்டையை அடைக்க அவர் டப்பாவில் வைத்துக் காய்ந்து கிடக்கும் பட்டியா?

அந்தக் கோபத்திலேயே அவள் மனசு ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. பேனாவின் மூடியைக் கழற்றினாள். “நான் முடிவு பண்ணிட்டேன், டாடி. பேசறேன்னு சொல்றவருக்குத்தான்.”

சரசரப்பு நின்றது. காலையிலிருந்து இறங்காத ஆள், ஒவ்வொரு படியாகக் கால் வைத்து இறங்கி வந்தார். சுண்ணாம்புத் தூசி படிந்த கையை மேசைக்குமேல், சீட்டில் படாமல், குடை மாதிரி பிடித்தார்.

“வேணாம்மா. இன்னும் ஒரு வருசம் இழுத்துடாதீங்க.”

டெஸ்மண்டுக்கு வந்ததே கோபம். “யோவ், கையை எடு! நானும் போனாப் போகுதுன்னு பார்த்தா சும்மனே பேசிக்கிட்டே போறியே? அந்தப் பதினோரு பேர் உனக்கு என்ன பாவம்யா பண்ணாங்க?”

“ஒண்ணும் பண்ணல சார்.”

“அப்ப வேலையை மட்டும் பாரு. வாய்க்கு வந்ததை இங்க சொல்லிட்டே, போகட்டும். இதையே போய் அந்தப் பசங்களைப் பெத்தவங்க முன்னாடி சொல்லிப் பாரேன். செருப்பைக் கழட்டுவாங்க!”

கேட்டில் கூரியர்காரன் மணி அடித்தான். யாரும் எழுந்து போகவில்லை.

முனிகிருஷ்ணன் கையை எடுத்துக்கொண்டார். ஏணியின் முதல் படியில் காலை வைத்தார்.

“பெத்தவன்தான் சார் சொல்றேன்.”