பால் டப்பாவில் மலை மண்

“வாழ்த்துகள், வெனிங் டீச்சர்! உங்க பள்ளி மண் மன்றத்துக்குத்தான் முதல் பரிசு!” என்று செமாராங் நகரத்திலிருந்து போனில் சொன்னார் போட்டி நடுவர் சசோங்கோ. “பால் டப்பாவுல உங்க மலை மண்ணைப் போட்டுத் தண்ணி ஊத்தி, மூணு நாள் மழைக்கு மலை தாங்காதுன்னு கண்டுபிடிச்சிருக்காங்களே, கெட்டிக்காரப் பசங்க! திங்கக்கிழமை மன்றத்துப் பசங்க மூணு பேரையும் கூட்டிட்டு வாங்க.”

“வர முடியாதுங்க ஐயா.”

“ஏன், பரீட்சையா?”

“இல்லீங்க. இங்க விடாத மழை. நேத்து மலை சரிஞ்சு ஊர் மேல விழுந்துடுச்சு. அந்த மூணு பசங்கள்ல ரெண்டு பேரோட உடம்பு கிடைச்சிடுச்சு. மூணாவது பிள்ளை லாரஸை இன்னும் தோண்டித் தேடுறாங்க.”

“முன்னாடியே ஊருக்குச் சொல்லலையா?” என்று கேட்டார் சசோங்கோ.

“ஊரைக் காலி பண்ணச் சொல்லலாம்னு பசங்க அப்பவே துடிச்சாங்க. ‘முதல்ல நடுவருங்க பார்த்துச் சரின்னு சொல்லட்டும்’னு நான்தான் தடுத்துட்டேன்” என்றாள் வெனிங்.