மாதா படத்தடிச் சாவி

துருக்கியிலிருந்து விரட்டப்பட்ட குடும்பங்கள் இந்தக் கிரேக்கக் கிராமத்தில் குடியேறி நூறு வருடம். இழந்த வீட்டின் சாவியென்று எவாந்தியா குடும்பம் மூன்று தலைமுறையாக மாதா படத்தடியில் வைத்துக் கும்பிட்ட சாவியை, அச்சு அசலாக இரும்பில் வார்த்து எல்லோருக்கும் நினைவுப் பரிசாகக் கொடுத்தார்கள்.

விழாவுக்கு வந்திருந்த துருக்கிக்காரி நெசாகத் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எவாந்தியாவிடம் கேட்டாள்.

“அக்கா, உங்க வீட்டைப் பாக்கலாமா?”

“தாராளமா வாம்மா. தாத்தா குடிவந்த வீடு; இங்கேயிருந்து துருக்கிக்கு அனுப்பிட்ட ஒரு குடும்பத்தோடது. பின்கதவுப் பூட்டுக்கு மட்டும் அன்னையிலேருந்தே சாவி கிடையாது, வெறும் தாழ்ப்பாள்தான்.”

வீட்டுக்குள் போனதும் நெசாகத் பரிசுச் சாவியை அந்தப் பூட்டில் நுழைத்துத் திருகினாள். பூட்டிக்கொண்டது.

“கிளம்புற அவசரத்துல பின்கதவுச் சாவியை இந்த வீட்டு மாடத்துலயே விட்டுட்டு வந்துட்டேன்னு எங்க தாத்தா சாகிறவரைக்கும் புலம்புவாருக்கா.”

வெளியே மைக்கில், சாவியின் கதையைச் சொல்ல எவாந்தியாவை மேடைக்கு அழைத்தார்கள்.