இன்னும் ஏறு

விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் வேலை முடித்து வந்த மருமகள், செருப்பைக்கூடக் கழற்றாமல் சோபாவில் சாய்ந்தாள்.

“என்னம்மா, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?” என்றாள் மாமியார்.

“அப்பத்தான் கிளம்பி ஏறிட்டிருந்த ஃப்ளைட்டை இன்னும் மேல ஏறச் சொல்லிட்டேன் அத்தை. அங்க இன்னொண்ணு வந்ததைக் கவனிக்கல.”

“ஐயையோ!”

“நல்லவேளை, அந்த பைலட் என் பேச்சைக் கேட்கல. ஃப்ளைட்டுல இருக்கிற எச்சரிக்கை மிஷின் ‘இறங்கு’ன்னு கத்தினதும் இறக்கிட்டாரு. மயிரிழையில தப்பிச்சு, இங்கேயே திரும்பி வந்து இறங்கிட்டாங்க. என் வேலைதான் போகும்போல.”

“போனாப் போகுது, விடு. அந்த மகராசன் நல்லா இருக்கட்டும்!”

கதவு திறந்தது. பைலட் உடையில் மகன், பெட்டியைத் தூக்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றான்.

“வாடா! நீயும்தான் இருக்கியே, என்னிக்காவது பொண்டாட்டி பேச்சைக் கேட்டிருக்கியா?”

அவன் மனைவியைப் பார்த்தான்.

“இன்னிக்கும் கேட்கலம்மா.”