மீனின் பாதி

இரண்டு வீடுகள் சம்பந்தம் செய்துகொண்டால், இரண்டு குடும்பச் சின்னங்களையும் பாதியாக வெட்டி ஒரே கேடயத்தில் சேர்ப்பது வழக்கம். இடப்பாதி மாப்பிள்ளைக்கு, வலப்பாதி பெண்ணுக்கு. அது அவர்கள் வாசலில் ஆயுள் முழுக்கத் தொங்கும். சின்னம் வரையும் மாலை வகுப்பில் படித்தபடி, இருமுறை அளந்துதான் வரைந்தேன். ஆனாலும் மணப்பெண் தமயந்தி பார்த்த பார்வையில், எங்கோ தவறிவிட்டேன் என்றே தோன்றியது.

"மாப்பிள்ளை வீட்டுக் குதிரைக்குத் தலை இருக்கு. எங்க மீனுக்கு வால் மட்டுமா? இவங்க சொல்லித்தான் இப்படிப் போட்டீங்களா?"

"இல்லீங்க. எல்லாச் சின்னமும் இடப்பக்கம் பார்த்துத்தான் நிக்கும். வலப்பாதியில வால்தான் வரும்."

"தலைக்குத்தான் நாங்க இருக்கோமேம்மா," என்றார் மாப்பிள்ளையின் மாமா. மாப்பிள்ளையும் சிரித்தார். தமயந்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி மாமா, வாலே இருக்கட்டும். ஆனா உங்க குதிரை எனக்கு முதுகைக் காட்டிட்டு நிக்குதே. மரியாதைக்காவது என் பக்கம் திரும்பக் கூடாதா?"

"இவ்வளவுதானா? திருப்பிடுங்க தம்பி," என்று மாப்பிள்ளை அப்போதே ஒப்புதல் முத்திரையைக் குத்திவிட்டார். முத்திரை விழுந்தபின் அந்த முடிவை யாரும் மாற்ற முடியாது.

குதிரையை அழித்துவிட்டுத் திருப்பி வரைந்தேன். வால் வந்தது, பின்னங்கால்கள் வந்தன. தலை நடுக்கோட்டைத் தாண்டிப் போனது. என் பிழையோ என்று அளவுகோலை மறுபடி வைத்துப் பார்த்தேன். அளவு சரியாகவே இருந்தது. நிமிர்ந்தபோது தமயந்தி கேடயத்தை அல்ல, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றாள். "வழக்கப்படியே வெட்டுங்க."