இரண்டாவது ரத்தம்

நெஞ்சுவலியோடு அவசரப் பிரிவில் கிடந்த வேதமுத்துவைப் பார்க்க, வீட்டைப் பங்கு போட்ட நாளிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத தம்பி ஞானதாஸ் ஓடி வந்திருந்தான்.

"ரத்தப் பரிசோதனையில ஒண்ணும் தெரியல. ஆனா மாரடைப்பு இல்லன்னு உறுதியாச் சொல்ல, மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை ரத்தம் எடுக்கணும்" என்றார் டாக்டர்.

தம்பி போகவில்லை. கட்டிலருகே உட்கார்ந்தான். வெகுநேரம் இருவரும் இதயத் துடிப்பு ஓடும் திரையையே பார்த்திருந்தார்கள். பிறகு ஞானதாஸ் போர்வையை இழுத்து அண்ணனின் பாதங்களை மூடினான்.

"காலு சில்லுன்னு கெடக்கேண்ணே."

"அது ஏசிதாம்லே."

அங்கிருந்து பேச்சு பிடித்துக்கொண்டது. பங்கைப் பற்றி இருவருமே வாய் திறக்கவில்லை. பிள்ளைகளைப் பற்றிப் பேசினார்கள், ஒருமுறை சிரிக்கவும் செய்தார்கள். நடுவில் நர்ஸ் வந்து ரத்தம் எடுத்துப் போனதைக்கூட வேதமுத்து சரியாகக் கவனிக்கவில்லை.

டாக்டர் திரும்பி வந்தார். "ரெண்டாவதும் நார்மல். இதயத்துக்கு ஒண்ணுமில்ல. வீட்டுக்குப் போலாம்."

வேதமுத்துவுக்கு அப்போதுதான் மூச்சு முழுதாக வந்தது. தம்பி கண்ணைத் துடைத்துக்கொண்டு புறப்பட எழுந்தான். அதைப் பார்த்ததும் வேதமுத்து சட்டைக் கையை அவசரமாக மடித்து நீட்டினார்.

"எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துப் பாத்திரலாமே, டாக்டர்?"

ஞானதாஸ் அந்தக் கையைப் பிடித்தான். "எந்திரிண்ணே. நான் கொண்டு விடுதேன்."